தானாக மாறும் எண்கள்: ஃபீனிக்ஸ் லைவ்வியூவில் ஒரு நிகழ்நேர டாஷ்போர்டு

டாஷ்போர்டு என்றதும் கண்முன் வருவது வரைபடம்: ஏறி இறங்கும் கோடு, வண்ண வட்டம், பச்சையும் சிவப்புமாகக் கட்டங்கள். இன்று அவற்றை வரைவது பெரிய வித்தை அல்ல. ஏதாவது ஒரு சார்ட் நூலகத்தைச் சேர்த்தால் அன்றைக்கே பக்கம் பளபளத்துவிடும். தலைவலி அதற்குப் பிறகு வருகிறது. பக்கத்தைத் திறந்தபோது சரியாக இருந்த எண், பத்து நிமிடம் கழித்து, யாரும் எதையும் தொடாமலே சரியாக இருக்க வேண்டும். அப்படி இருக்க முடியாமல் போனால், அதைப் பார்ப்பவருக்குத் தெரியப்படுத்தவும் வேண்டும். பழைய எண்ணைப் புதியது போலக் காட்டும் பலகையைவிடப் பலகையே இல்லாமல் இருப்பது மேல். இருப்பதை நம்பி ஒருவர் முடிவெடுத்துவிடுவார் அல்லவா?

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசினால் எளிதாக இருக்கும். வீடியோ கோப்புகளை வேறு வடிவத்துக்கு மாற்றித் தரும் இணையச் சேவை ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். பயனர்கள் கோப்பைப் பதிவேற்றுகிறார்கள். அது வரிசையில் காத்திருக்கிறது. பின்னணியில் ஓடும் நிரல்கள் ஒவ்வொன்றாக எடுத்து மாற்றித் தருகின்றன. சேவையை நடத்துபவருக்கு வேண்டியது இவ்வளவுதான்: எத்தனை வேலைகள் காத்திருக்கின்றன, எத்தனை நடக்கின்றன, கடந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை முடிந்தன, எத்தனை தோற்றன. கீழே, கடைசியாகத் தோற்ற 20 வேலைகளின் பட்டியல்.

பிரவுசர் கேட்காமல் சர்வர் பேசாது

இணையத்தின் அடிப்படை நெறிமுறையான எச்டிடிபியில் பேச்சைத் தொடங்குவது எப்போதும் பிரவுசர்தான். அது கேட்கும், சர்வர் பதில் சொல்லும், அத்தோடு முடிந்தது. சர்வரில் அடுத்த நொடியே பத்து வேலைகள் தோற்றுப்போனாலும், அதைத் தானாகப் பிரவுசரிடம் போய்ச் சொல்ல வழியில்லை. நிகழ்நேரப் பக்கங்களுக்கான உத்திகள் எல்லாமே இந்த ஒரு தடையைச் சுற்றிப் பிறந்தவை.

மிகப் பழைய உத்தி, விடாமல் கேட்பது. ஐந்து வினாடிக்கு ஒரு முறை 'ஏதாவது மாறியிருக்கிறதா' என்று பிரவுசர் விசாரிக்கும். இதைப் போலிங் என்பார்கள். பலர் இதைத் தாழ்வாகப் பார்க்கிறார்கள். எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு. 200 பேர் பக்கத்தைத் திறந்துவைத்திருந்தாலும் வினாடிக்கு 40 கேள்விகள்தான் வரும். சாதாரண சர்வருக்கு அது சுமையே அல்ல. இணைப்பு அறுந்தால் அடுத்த கேள்வியில் தானாகச் சரியாகிவிடும். உங்கள் எண்கள் நிமிடத்துக்கு ஒரு முறைதான் மாறும் என்றால் இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்காமலேயே போலிங்கை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

அதன் அண்ணன் தம்பி முறையில் லாங் போலிங் என்று ஒன்று உண்டு. பிரவுசர் கேட்கும், சொல்ல ஏதும் இல்லை என்றால் சர்வர் உடனே பதில் தராமல் நிறுத்திவைக்கும், ஏதாவது நடந்ததும் பதிலை அனுப்பும், பிரவுசர் மறுபடியும் கேட்கும்.

மூன்றாவது, சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ். பிரவுசர் ஒரே ஒரு முறை கேட்கிறது, சர்வர் பதிலை முடிக்காமல் வரி வரியாக எழுதிக்கொண்டே போகிறது. இணைப்பு அறுந்தால் பிரவுசரே மீண்டும் இணைந்து, தான் கடைசியாகப் பெற்ற நிகழ்வின் அடையாள எண்ணையும் சொல்லும். சர்வர் மட்டும் பேசினால் போதும் என்ற டாஷ்போர்டுகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆனால் பழைய எச்டிடிபி 1.1-இல் ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புகளுக்கு மேல் பிரவுசர்கள் திறப்பதில்லை. ஒருவர் அதே டாஷ்போர்டை ஏழாவது டேபில் திறந்தால் அது வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். எச்டிடிபி 2-இல் இந்தத் தொல்லை இல்லை.

நான்காவது வெப்சாக்கெட். 2011-இல் ஆர்எஃப்சி 6455 என்ற ஆவணத்தின் மூலம் தரப்படுத்தப்பட்டது. பிரவுசர் வழக்கமான எச்டிடிபி கோரிக்கை ஒன்றையே அனுப்புகிறது. அதன் தலைப்பகுதியில் 'இந்த இணைப்பை வெப்சாக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாமா' என்று கேட்கிறது. சர்வர் வழக்கமான 200-க்குப் பதிலாக 101 என்ற குறியீட்டோடு சம்மதம் தெரிவிக்கிறது. அந்தக் கணத்திலிருந்து அதே இணைப்பில் இரு தரப்பும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம்.

ஃபிரேம்வொர்க் எதைச் செய்து தருகிறது

வெப்சாக்கெட்டைக் கையால் திறப்பது சில வரி வேலைதான். அதைச் சுற்றியுள்ள பொறுப்புகளில்தான் உழைப்பு இருக்கிறது: அறுந்த இணைப்பை மீண்டும் ஏற்படுத்துவது, யார் எந்தச் செய்தியைக் கேட்கிறார் என்று கணக்கு வைப்பது, வந்த தரவைப் பக்கத்தில் உரிய இடத்தில் பொருத்துவது. இணையச் செயலிகளைக் கட்ட உதவும் பெரிய ஃபிரேம்வொர்க்குகள் எல்லாம் இதற்கு ஏதோ ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. ரூபி ஆன் ரெயில்ஸ் 2016-இல் தன் ஐந்தாம் பதிப்போடு ஆக்‌ஷன் கேபிளைக் கொண்டுவந்தது. ஜாங்கோவுக்குச் சேனல்ஸ், லாரவெல்லுக்கு எக்கோ, டாட்நெட்டுக்குச் சிக்னல்ஆர் இருக்கின்றன.

இங்கே நான் எடுத்துக்கொள்வது எலிக்சிர் மொழியின் ஃபீனிக்ஸ் ஃபிரேம்வொர்க்கும் அதன் லைவ்வியூவும். காரணம், இதில் ஜாவாஸ்கிரிப்டை ஏறக்குறைய தொடாமலே டாஷ்போர்டின் பெரும்பகுதியைக் கட்டிவிடலாம். ஆகவே கருத்தை மறைக்கும் புதர் குறைவு. இன்னொரு காரணமும் உண்டு. எலிக்சிர் ஓடுவது எர்லாங்கின் மெய்நிகர் இயந்திரத்தில். தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1980-களில் எரிக்சன் நிறுவனத்தில் உருவான மொழி எர்லாங். ஒரே நேரத்தில் எண்ணற்ற அழைப்புகளைத் தாங்குவதுதான் அதன் பிறவிப் பணி. அதில் ஒரு புராசஸ், அதாவது தனித்து ஓடும் ஒரு சிறு வேலை அலகு, தொடங்கும்போது எடுத்துக்கொள்ளும் நினைவகம் சில கிலோபைட்டுகளே. 2015-இல் ஃபீனிக்ஸ் குழுவினர் ஒரே சர்வரில் 20 லட்சம் வெப்சாக்கெட் இணைப்புகளை ஏற்றிக் காட்டினார்கள். உங்களுக்கும் எனக்கும் அவ்வளவு தேவைப்படாது. ஆனால் பக்கம் திறந்துவைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் சர்வரில் ஒரு தனிப் புராசஸ் என்ற லைவ்வியூவின் ஏற்பாடு ஏன் கட்டுப்படியாகிறது என்பது இதனால் புரியும்.

லைவ்வியூ வேலை செய்யும் விதம் இது. பக்கத்தின் நிலை, அதாவது அந்த நான்கு எண்களும் பட்டியலும், சர்வரில் அந்தப் புராசஸுக்குள் இருக்கும். நிலை மாறியதும் லைவ்வியூ பக்கத்தின் அச்சான வார்ப்புருவை மீண்டும் கணக்கிட்டு, மாறிய துண்டுகளை மட்டும் வெப்சாக்கெட் வழியே அனுப்பும். பக்கத்தின் மாறாத எச்டிஎம்எல் பகுதிகள் முதல் முறை போனதோடு சரி. 'காத்திருப்பவை 41' என்பது 42 ஆனால் கம்பியில் போவது ஏறக்குறைய அந்த 42 மட்டும்தான். பிரவுசரில் ஓடும் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் அதை உரிய இடத்தில் பொருத்திவிடும்.

இதில் தொடக்கநிலையாளர்களைக் குழப்பும் ஒரு விஷயம்: பக்கத்தின் தொடக்க நிலையை அமைக்கும் 'மவுண்ட்' என்ற செயற்கூறு ஒரு பக்கத்துக்கு இரண்டு முறை அழைக்கப்படும். முதல் முறை, சாதாரண எச்டிடிபி கோரிக்கையின்போது. அப்போது முழு எச்டிஎம்எல் பக்கம் போய்ச் சேரும், அத்தோடு அந்தப் புராசஸ் முடிந்துவிடும். பிறகு பிரவுசர் வெப்சாக்கெட்டைத் திறந்ததும் இரண்டாம் முறை. நிலைத்து நிற்பது இந்த இரண்டாவதுதான். எனவே செய்திகளுக்குச் சந்தா செலுத்துவது (ஒரு தலைப்பில் வரும் செய்திகளைத் தனக்கும் அனுப்பும்படி பதிவுசெய்வது), கடிகாரம் வைப்பது போன்றவற்றை 'கனெக்டட்' என்ற சோதனைக்குள் வைத்து, இணைப்பு உயிரோடு இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டும்.

எண்கள் எங்கிருந்து வரும்

முதலில் தோன்றும் வழி: ஒவ்வொரு லைவ்வியூவும் வினாடிக்கு ஒரு முறை தனக்குத் தானே செய்தி அனுப்பிக்கொண்டு, தரவுத்தளத்தைக் கேட்டு, எண்களை மாற்றிக்கொள்ளும். ஒருவர் மட்டும் பார்க்கும்வரை இது அழகாக ஓடும். 50 பேர் திறந்துவைத்தால் வினாடிக்கு 50 முறை ஒரே கேள்வி தரவுத்தளத்துக்குப் போகும். அதுவும் லட்சக்கணக்கான வரிகளை எண்ணும் கேள்வி. சேவையின் நலத்தைப் பார்க்க வைத்த பலகையே சேவையை மூச்சுத்திணற வைத்துவிடும்.

ஆகவே கணக்கிடுவதை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். எலிக்சிரில் அதற்கு ஜென்சர்வர் என்ற ஏற்பாடு இருக்கிறது. தொடர்ந்து உயிரோடு இருந்து, வரும் செய்திகளை ஒவ்வொன்றாகக் கையாளும் புராசஸ் அது. அதற்குக் 'கணக்கர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். கணக்கர் வினாடிக்கு ஒரு முறை தரவுத்தளத்தில் ஒரே கேள்வி கேட்டு, நான்கு எண்களையும் எடுத்து, தன்னிடம் வைத்துக்கொண்டு, 'எண்கள்' என்ற தலைப்பில், புராசஸ்களுக்கிடையே செய்தி பரப்பும் ஃபீனிக்ஸ் பப்சப் மூலம் ஒலிபரப்பும். அந்தத் தலைப்புக்குச் சந்தா செலுத்திய லைவ்வியூக்கள் எல்லாம் அதை 'ஹேண்டில் இன்ஃபோ' என்ற செயற்கூறில் பெற்றுத் தம் நிலையில் பொருத்திக்கொள்ளும். பார்ப்பவர் ஒருவராக இருந்தாலும் 500 பேராக இருந்தாலும் தரவுத்தளத்துக்குப் போகும் கேள்வி வினாடிக்கு ஒன்றுதான். 'கடந்த ஒரு மணி நேரம்' என்ற வரம்பு வைத்ததும் வீண் அல்ல. தொடக்க நாளிலிருந்து முடிந்த எல்லா வேலைகளையும் வினாடிதோறும் எண்ணச் சொன்னால் எந்தத் தரவுத்தளமும் முனகும். நேரப் பத்தியில், தேடலை விரைவாக்கும் ஒரு இண்டெக்ஸ் போட மறக்க வேண்டாம்.

பல சர்வர்களில் ஓட்டுபவர்களுக்கு ஒரு சொல்: பப்சப் இயல்பாகவே ஒன்றோடொன்று இணைந்த எல்லா எர்லாங் முனைகளுக்கும், அதாவது ஒவ்வொரு சர்வரிலும் ஓடும் உங்கள் செயலிக்கும், செய்தியைக் கொண்டுபோகும். ஒவ்வொரு முனையிலும் ஒரு கணக்கர் இருந்தால் ஒரே எண்கள் இரண்டு மூன்று முறை வந்து சேரும். தன் முனைக்குள் மட்டும் ஒலிபரப்பும் வசதியும் பப்சப்பில் இருக்கிறது. இங்கே அதைப் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு வேலை முடியும்போதும் 'ஒன்று கூட்டு' என்று செய்தி அனுப்பினால் என்ன, எதற்கு வினாடிக்கு ஒரு முறை எண்ண வேண்டும் என்று கேட்கலாம். கேட்க நியாயமான கேள்வி. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

பக்கம் திறக்கிறது. லைவ்வியூ முதலில் தரவுத்தளத்தைப் படிக்கிறது: முடிந்தவை 41. அது படித்து முடித்த 50 மில்லிவினாடியில் இன்னொரு வேலை முடிகிறது. 'ஒன்று கூட்டு' என்ற செய்தி ஒலிபரப்பாகிறது. அதற்கும் 50 மில்லிவினாடி கழித்துத்தான் லைவ்வியூ சந்தா செலுத்துகிறது. செய்தி போய்விட்டது. பலகை 41 என்று காட்டுகிறது, உண்மை 42. அடுத்தடுத்து வரும் செய்திகளைச் சரியாகக் கூட்டிக்கொண்டே போனாலும் இந்த ஒன்று குறைந்தே இருக்கும்.

சரி, வரிசையை மாற்றலாம். முதலில் சந்தா, பிறகு படிப்பு. இப்போது எந்தச் செய்தியும் தவறாது. மவுண்ட் முடியும்வரை அவை புராசஸின் அஞ்சல் பெட்டியில் காத்திருக்கும். ஆனால் சந்தாவுக்கும் படிப்புக்கும் இடையில் முடிந்த வேலை, படித்த 42-க்குள்ளும் இருக்கிறது, பெட்டியில் காத்திருக்கும் செய்தியிலும் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 43. தவறு மறுபக்கம் சாய்ந்துவிட்டது.

இதிலிருந்து தப்பும் வழி, செய்தியின் உள்ளடக்கத்தை மாற்றுவது. 'ஒன்று கூட்டு' என்பது இரண்டு முறை வந்தால் தவறாகும் செய்தி. 'மொத்தம் 42' என்பது பத்து முறை வந்தாலும் தவறாகாது. கணக்கர் ஒவ்வொரு வினாடியும் மொத்தத்தை அனுப்புவது இதற்காகத்தான். ஏதாவது ஒரு செய்தி தொலைந்தாலும் அடுத்த வினாடியே எல்லாம் நேராகிவிடும்.

தோற்ற வேலைகளின் பட்டியலுக்கு இதே கொள்கையை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். அங்கே ஒவ்வொரு தோல்வியும் உடனே தெரிய வேண்டும், எனவே நிகழ்வையே அனுப்புகிறோம். ஆனால் அதில் வேலையின் அடையாள எண் இருக்கும். லைவ்வியூவின் ஸ்ட்ரீம் என்ற வசதி, ஒவ்வொரு வரியையும் அதன் அடையாளத்தால் அறிந்துவைத்திருக்கும். 812 என்ற எண்ணுள்ள வேலை இரண்டு முறை வந்தால் இரண்டு வரிகள் தோன்றாது, இருக்கும் வரியே புதுப்பிக்கப்படும். பட்டியலை 20 வரியோடு நிறுத்தும்படியும் சொல்லலாம். ஸ்ட்ரீமில் போட்ட வரிகளைச் சர்வர் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்வதும் இல்லை.

ஒலிபரப்பு எந்த இடத்தில் நிகழ வேண்டும் என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தரவுத்தளத்தில் ஒன்றாகவே நிறைவேற வேண்டிய, இல்லாவிட்டால் ஒன்றாகவே ரத்தாக வேண்டிய மாற்றங்களின் தொகுதியை டிரான்சாக்‌ஷன் என்பார்கள். தரவுத்தள டிரான்சாக்‌ஷன் முடிவதற்கு முன்பே செய்தியை அனுப்பிவிட்டால், அதைப் பெற்றவர் உடனே போய்ப் படிக்கும்போது பழைய நிலையே கிடைக்கும். டிரான்சாக்‌ஷன் பின்வாங்கப்பட்டால் இன்னும் கேவலம். நடக்காத ஒன்றை அறிவித்தவர்களாகிவிடுவோம். எழுத்து உறுதியான பிறகே ஒலிபரப்ப வேண்டும். உங்கள் கணினியில் இது பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் அங்கே எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். சுமை ஏறிய சர்வரில்தான் வெளிப்படும்.

வரைபடம் வேண்டுமென்றால், சார்ட் நூலகத்தை, பிரவுசரில் உங்கள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்ட இடம் தரும் லைவ்வியூவின் ஹூக் மூலம் இணைத்து, அந்தப் பெட்டிக்குள் லைவ்வியூ கைவைக்காமல் இருக்கும்படி குறித்துவிட்டு, புதிய புள்ளிகளை மட்டும் நிகழ்வாக அனுப்பினால் போதும். இதற்குமேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

பழசாகிவிட்டதைச் சொல்லும் பொறுப்பு

இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்? லைவ்வியூவின் பிரவுசர் பகுதி, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மீண்டும் மீண்டும் இணைய முயலும். சர்வரில் இருந்த புராசஸ் இறந்துவிடும். மீண்டும் இணைந்ததும் புதிய புராசஸ், புதிய மவுண்ட், புதிதாகப் படித்த எண்கள். இடையில் தவறவிட்ட செய்திகளைத் தேடிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. சர்வரைப் புதுப்பிக்கும்போது திறந்திருக்கும் எல்லாப் பக்கங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திரும்பி வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மவுண்ட் தரவுத்தளத்துக்குப் போகாமல் கணக்கரிடம் தயாராக இருக்கும் எண்களை எடுத்துக்கொண்டால் அந்த நெரிசல் வலிக்காது.

அறுந்த நேரத்துக்கும் மீண்டும் இணைந்த நேரத்துக்கும் நடுவில்தான் அபாயம். பக்கம் அப்படியே நிற்கிறது, 42 என்று தெளிவாகக் காட்டுகிறது. இணைப்பு போனதும் லைவ்வியூ பக்கத்தின் முதன்மை உறுப்பில் சில சிஎஸ்எஸ் வகுப்புகளை ஒட்டும். அவற்றைப் பிடித்துக்கொண்டு எண்களை மங்கலாக்குங்கள். மேலே ஓரத்தில் ஒரு சிறு அறிவிப்பு போதாது. எண்ணைப் பார்க்கும் கண் ஓரத்துக்குப் போகாது.

அதோடு 'கடைசியாகக் கணக்கிட்டது 3 வினாடிக்கு முன்' என்ற ஒரு வரியும் வேண்டும். இந்த வரியைச் சர்வரிலிருந்து புதுப்பிக்க நினைக்காதீர்கள். இணைப்பு அறுந்தால் அந்த வரியும் '3 வினாடி' என்றே உறைந்துவிடும். அது பிரவுசரிலேயே ஓட வேண்டும். பயனரின் கணினிக் கடிகாரம் சர்வரின் கடிகாரத்தோடு ஒத்துப்போகும் என்றும் நம்ப முடியாது. எனவே எண்கள் அனுப்பப்படும்போது எவ்வளவு பழையவை என்பதைச் சர்வர் வினாடிக் கணக்கில் சொல்லட்டும். வந்து சேர்ந்த நேரத்திலிருந்து பிரவுசர் தன் கடிகாரத்தால் அதோடு கூட்டிக்கொள்ளட்டும். கூட்டும்போதும் ஒவ்வொரு வினாடிக்கும் ஒன்று ஏற்றும் எண்ணியை வைக்க வேண்டாம். பின்னால் கிடக்கும் டேபுகளில் டைமர்களைப் பிரவுசர்கள் வேண்டுமென்றே மெதுவாக்குகின்றன. வந்த நேரத்துக்கும் இப்போதைய நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடுவதே சரி.

சொந்தக் கணினியிலிருந்து வெளியே கொண்டுபோகும்போது

பிரவுசருக்கும் உங்கள் செயலிக்கும் நடுவில் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் என்ஜின்எக்ஸ் போன்ற பிராக்ஸி, வெப்சாக்கெட்டாக மாற்றக் கேட்கும் தலைப்பு வரியைத் தானாக உள்ளே கடத்தாது. அதற்கென்று அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பிழை கண்ணில் படும் என்று நினைப்போம். ஆனால் அண்மைக்கால ஃபீனிக்ஸ் திட்டங்களில், வெப்சாக்கெட் கிடைக்காவிட்டால் சில வினாடிகளில் லாங் போலிங்குக்கு இறங்கிவிடும் ஏற்பாடு இருக்கிறது. பக்கம் வேலை செய்வது போலவே தோன்றும், மந்தமாக. பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து 101 என்ற குறியீடு வந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று, எந்த முகவரியிலிருந்து வரும் இணைப்பை ஏற்கலாம் என்ற ஆரிஜின் சோதனை. தளத்தின் பெயரை அமைப்பில் சரியாகக் கொடுக்காவிட்டால் ஃபீனிக்ஸ் இணைப்பை மறுத்துவிடும். இணையத்தில் தேடினால் அந்தச் சோதனையையே அணைத்துவிடும்படி அறிவுரை கிடைக்கும். அணைக்காதீர்கள். வெப்சாக்கெட்டுக்குப் பிரவுசரின் வழக்கமான குறுக்குத் தளக் கட்டுப்பாடுகள் பொருந்தாது. வேறொரு தளம் உங்கள் பயனரின் குக்கீயை (உள்நுழைந்தவர் யார் என்று காட்டும் அடையாளத்தை) கொண்டே உங்கள் சர்வரோடு இணைப்பு திறக்க முயலலாம். அதைத் தடுக்கும் கதவுகளில் முக்கியமானது அந்தச் சோதனை.

பயனர் உள்நுழைந்தவரா, இந்தப் பலகையைப் பார்க்க உரிமை உள்ளவரா என்பதையும் மவுண்டிலேயே சரிபார்க்க வேண்டும். லைவ்வியூக்களுக்கு இடையே பக்கம் மாறும்போது சில வேளை புதிய எச்டிடிபி கோரிக்கையே எழாது, ஆகவே வழக்கமான வாயிற்காவல் நிரல்கள் ஓடாமல் போகலாம். உரிமை பறிக்கப்பட்டவரின் திறந்த இணைப்பும் தானாக அறுந்துவிடாது. அவருடைய சாக்கெட்டுக்குத் துண்டிக்கும் செய்தியை நீங்கள்தான் அனுப்ப வேண்டும்.

எல்லாம் அமைத்த பிறகு மூன்று விதமாகக் கெடுத்துப் பாருங்கள். பக்கத்தைத் திறந்துவைத்து நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். எண்கள் மங்க வேண்டும். சர்வரை நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். யாரும் புதுப்பிக்காமலே சரியான எண்கள் திரும்ப வேண்டும். மூன்றாவதாக, கணக்கர் தரவுத்தளத்தைக் கேட்கும் அந்த ஒரு கேள்வியை மட்டும் தோல்வியடையச் செய்யுங்கள். கணக்கர் வீழ்ந்து, விழும் புராசஸ்களைக் கவனிக்கும் சூப்பர்வைசர் அதை மீண்டும் எழுப்பும், அது மறுபடியும் விழும். விழுவது நிற்காவிட்டால் சூப்பர்வைசரே கைவிட்டுச் செயலி முழுவதும் நின்றுவிடக்கூடும், ஆகவே அந்தப் பிழையைக் கணக்கருக்குள்ளேயே பிடித்துப் பதிவுசெய்துவிட்டு அடுத்த வினாடி முயலும்படி எழுதுங்கள். இப்போது வெப்சாக்கெட் நலமாக இருக்கிறது, மங்கலாக்கும் வகுப்பு எதுவும் ஒட்டாது, எண்கள் மட்டும் நகராது. உங்கள் பலகையில் அதைக் காட்டிக்கொடுக்கக்கூடியது 'கடைசியாகக் கணக்கிட்டது' என்ற அந்த ஒரு வரிதான். அது 10 வினாடியைத் தாண்டினால் சிவப்பாகும்படி எழுதிவையுங்கள்.